மடியில் பிள்ளை, கையில் திருச்சி டிக்கெட்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். அடுத்த மாதம் துறையூர் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தப்போகிறோம். கணவருக்கு ஒரு வாரம்தான் விடுப்பு, அவர் பின்னால் வருவார். நானும் பிள்ளையும் மட்டும் மலிவுக் கட்டண விமானத்தில், இரவில், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்புவதாக இருக்கிறோம். "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு அதுல எப்படிம்மா போவ? தொட்டில் இருக்கற பெரிய பிளேன்ல போ" என்கிறார் மாமியார். காது அடைத்துக்கொண்டு பிள்ளை துடிப்பானோ, அவன் அழுதால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்களோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு மிட்டாயும் காதடைப்பானும் வைத்து ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு பொட்டலம் கொடுக்கச் சொல்கிறாள் தோழி. மகனுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் எடுத்துவிட்டோம். நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. உறவுக்காரர்களுக்கு வாங்கிய சாமான்களே 30 கிலோ வரும். என்ன செய்யட்டும், அக்கா?
பொங்கோல் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் கவலைக்கு வருகிறேன். அவர் பேரனை நினைத்துச் சொல்கிறார், அதில் தவறே இல்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராகப் பறக்கும் ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாமே மலிவுக் கட்டணச் சேவைகள்தான். அவர் சொல்லும் பெரிய விமானம் வேண்டுமென்றால் நீங்கள் சென்னையில் இறங்கவேண்டும். அங்கிருந்து திருச்சிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் இறங்கி, குடிநுழைவு வரிசை தாண்டி, பெட்டிகளோடு காரிலோ ரயிலிலோ இன்னும் ஐந்தாறு மணி நேரம், அதற்கப்புறம் துறையூர். ஒன்பது மாதப் பிள்ளைக்கு எது கஷ்டம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். நேர் விமானம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்கினால் வீடு ஒரு மணி நேரத் தொலைவு. தொட்டிலும் அவர் நினைப்பதுபோல் இல்லை. பெரிய விமானங்களில்கூட முன்தடுப்புச் சுவரை ஒட்டிய ஒருசில இருக்கைகளுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற பிள்ளையை எடுத்து மடியில் வைத்தே ஆகவேண்டும். ஆகவே திருச்சிக்கே போடுங்கள். எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை.

எனக்கு மாற்றுக் கருத்து இருப்பது அந்த 30 கிலோவில்தான். மலிவு டிக்கெட்டில் நீங்கள் வாங்குவது ஓர் இருக்கையை மட்டும். பெரியவர்களுக்கு அது போதும். தனியாகப் பிள்ளையோடு போகிறவளுக்கு அந்த விமானம் தராத ஒன்று மிக அவசியம்: இன்னொரு ஜோடிக் கை. அது கிடைக்காது என்பதால், இருக்கிற இரண்டு கைகளில் ஒன்றாவது எந்த நேரமும் காலியாக இருக்கும்படி இந்தப் பயணத்தை அமைக்கவேண்டும். உங்கள் எல்லா முடிவுகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்து எடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடப்பிதழை நீட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை மடக்கிக்கொண்டு, பெட்டியையும் உருட்ட முடியுமா? முடியாது. தைலம், சாக்லேட், பால்மாவு, முஸ்தபா கடையில் வாங்கியது எல்லாம் உங்கள் கணவரோடு வரட்டும். அவர் தனியாள், பெட்டிக்கட்டணம் அவர் டிக்கெட்டில் சேரட்டும். நீங்கள் ஒரே ஒரு பெட்டியைப் பதிவுச் சாமானாகப் போட்டுவிட்டு, முதுகில் ஒரு பையும் நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொள்ளும் கேரியருமாகப் போங்கள். அத்தைக்குத் தைலம் ஒரு வாரம் கழித்துக் கிடைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மடியில் வரும் பிள்ளைக்குக் குறைந்த கட்டணம் ஒன்றைத்தான் வாங்குவார்கள், இருக்கை கிடையாது. பெரும்பாலும் தனிச் சாமான் எடையும் கிடையாது. உங்கள் கைச்சாமானுக்கு ஸ்கூட்டில் 10 கிலோ, இண்டிகோவிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் 7 கிலோ என்பது வழக்கமான கணக்கு. டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதையும், தள்ளுவண்டியை இலவசமாகப் பதிவு செய்யலாமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தை இருக்கைத் தேர்வுக்குச் செலவழியுங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பகல் விமானம் என்றால் எழுந்து நடக்க வசதியாக நடைவழி ஓரம் எடுக்கச் சொல்வேன். உங்களுடையது இரவு விமானம். தாய்ப்பால் கொடுக்கவும், சுவரில் சாய்ந்து பிள்ளையைத் தூங்கவைக்கவும் சன்னலோரம்தான் நல்லது. சூடான தண்ணீர், காப்பி எதுவும் பிள்ளையின் தலைக்கு மேலே கைமாறாது. கைக்குழந்தையோடு எல்லா இருக்கையிலும் உட்கார முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அவசரவழி வரிசை கண்டிப்பாகக் கிடையாது. மற்ற வரிசைகளிலும் கூடுதல் பிராணவாயு முகமூடி ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால், ஒரே பக்கத்தில் இரண்டு கைக்குழந்தைகளை உட்காரவைக்க மாட்டார்கள். அதனால்தான் நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடுகின்றன.

கடிதத்தைப் படிக்கும்போது என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தியது, அதில் இல்லாத ஒரு விஷயம். மகனுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றீர்கள், இந்திய விசா பற்றி ஒரு வரியும் இல்லை. தாய் இந்தியர் என்பதற்காக மடியில் இருக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளை விசா இல்லாமல் போக முடியாது. ஒன்பது மாதமானாலும் அவனுக்குத் தனி விசா வேண்டும். இல்லையென்றால் செக்-இன் முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு அவன் தகுதியானவன்தான், ஆனால் அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அடுத்த மாதப் பயணத்துக்கு அதை நம்பாதீர்கள். இப்போதைக்கு மின்விசா எடுத்துவிடுங்கள், திருச்சி விமான நிலையத்தில் அது செல்லும். இந்திய அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப்போலவே தோற்றமளித்து அதிகப் பணம் கறக்கும் தளங்கள் பல இருக்கின்றன. கண் திறந்த நிலையில் வெள்ளைப் பின்னணியில் படம் எடுக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும், இன்றைக்கே ஆரம்பியுங்கள். நிரந்தரவாசியான நீங்கள் சிங்கப்பூருக்குள் திரும்ப நுழைய வேண்டிய மறுநுழைவு அனுமதி திரும்பி வரும் நாள்வரை செல்லுமா என்பதையும் கையோடு பாருங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. உங்கள் கடப்பிதழில் உங்கள் தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ ஒட்டியிருக்கும், மகனின் கடப்பிதழில் எஸ்/ஓ போட்டு அவன் தந்தையின் பெயர் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லாததால், தாளில் பார்க்கிறவருக்கு நீங்கள் இருவரும் யாரோ எவரோ. எனவே பிறப்புச் சான்றிதழின் நகல் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளையோடு தனியாகப் பயணம் செய்ய உங்கள் கணவர் சம்மதிக்கிறார் என்று அவர் கையெழுத்தில் ஒரு கடிதமும், அவருடைய கடப்பிதழ் நகலும் சேர்த்து வையுங்கள். கேட்காமலே விட்டுவிடலாம். கேட்டால், அந்த நள்ளிரவில் யாருக்கும் தொலைபேசி அடிக்கவேண்டிய தேவை இருக்காது. டிக்கெட் பதியும்போது எஸ்/ஓவில் வரும் சாய்கோட்டைத் தளம் ஏற்காது, அது பரவாயில்லை. மற்ற எழுத்துகள் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கவேண்டும்.

கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் குழந்தை மருத்துவரிடமோ போய், ஊருக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி சிங்கப்பூர் அட்டவணைப்படி 12 மாதத்தில்தான் வரும். இந்தியாவில் அதை ஒன்பது மாதத்திலிருந்தே போடுகிறார்கள். பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு தவணை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார், நீங்கள் கேட்க மறக்கக்கூடாது. திருவிழாவும் விருந்துமாக நாலு வீட்டுப் பிள்ளைகளோடு கலக்கப்போகிறான் அல்லவா?

இனி காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். மாமியாரிடமும் சொல்லுங்கள்: காது குத்துவது மடலில், விமானத்தில் அடைப்பது செவிப்பறைக்கு உள்ளே, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நடுக்காதிலிருந்து தொண்டையின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விமானம் ஏறி இறங்கும்போது மாறும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவது அந்தக் குழாயின் வேலை. நமக்கு அது சாய்வாக, சற்று அகலமாக இருக்கும். கைக்குழந்தைக்குக் குறுகலாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருப்பதால் சுலபத்தில் திறக்காது. நாம் கொட்டாவி விட்டோ எச்சில் விழுங்கியோ திறந்துகொள்வோம். அவனுக்கு அது தெரியாது, நாம்தான் விழுங்கவைக்கவேண்டும். மார்பில் போடுங்கள், அல்லது புட்டியோ சூப்பானோ கொடுங்கள், எதுவானாலும் சரி.

ஏறும்போது வரும் அடைப்பு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். தொல்லை கொடுப்பது இறக்கம்தான். பல தாய்மார்கள் விமானம் கிளம்பும்போதே வயிறு நிரம்பப் பால் கொடுத்துவிடுகிறார்கள். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் பிள்ளைக்குப் பசி இருக்காது, வாயைத் திறக்க மாட்டான். நீங்கள் ஏறும்போது கொஞ்சம் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னாலேயே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும், அறிவிப்பும் வரும். அந்த நேரத்துக்கென்று ஒரு வேளைப் பாலை ஒதுக்கி வையுங்கள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அதற்கும் மீறி அவன் கத்தினால் பதறாதீர்கள். அழும்போதும் பிள்ளை விழுங்குகிறான், அந்தக் குழாய் திறக்கிறது. அவன் அழுகையே அவனுக்கு மருந்தாக வேலை செய்துகொண்டிருக்கும். கிளம்பும் வாரத்தில் சளி பிடித்திருந்தாலோ, காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் விமானம் ஏறவேண்டாம்.

தூங்குவதற்கு மருந்து கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சளி மருந்தைக் கொடுத்தால் நாலு மணி நேரம் அசையமாட்டான் என்பார்கள். வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் அமைதியின்மையைத் தரும். மூச்சைப் பாதிக்கும் அபாயமும் உண்டு, மேலே பறக்கும்போது அதைப் பார்க்க மருத்துவர் இருக்கமாட்டார். வசம்பை உரசிக் கொடுப்பதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பாட்டி மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். நெற்றியில் மைப்பொட்டு வையுங்கள், அரைஞாண் கட்டுங்கள், அதனால் ஒரு தீங்கும் இல்லை.

பெல்ட் பற்றி இரண்டு வார்த்தை. பணிப்பெண் உங்கள் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் சின்ன வளைய பெல்ட் ஒன்றைத் தருவார். பிள்ளையின் இடுப்பில் அதுதான் வரவேண்டும். உங்கள் பெல்ட்டையே இருவரையும் சுற்றிப் போட்டால், விமானம் குலுங்கும்போது உங்கள் உடலின் எடை முழுவதும் அவனை நசுக்கும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் நினைவிருக்கும். காற்றுக் குலுக்கலில் 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது, பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டார்கள். கையால் இறுகப் பிடித்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை அந்த வேகத்தின் முன் நிற்காது. விளக்கு அணைந்திருந்தாலும், பிள்ளை தூங்கினாலும், உங்கள் பெல்ட்டும் அவன் பெல்ட்டும் போட்டபடியே இருக்கட்டும். நெஞ்சுக் கேரியரை விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் கழற்றச் சொல்வார்கள், அதற்குப் பிறகு மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

சாங்கி விமான நிலையத்துக்குப் போவதற்கு டாக்சியே சொல்லுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் தகுந்த இருக்கை கட்டாயம், டாக்சிக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு அந்த விலக்கு கிடையாது, குழந்தை இருக்கை உள்ள வண்டியாகக் கேட்கவேண்டும். மடியில் குழந்தை என்றால் கைப்பேசியில் செக்-இன் முடியாமல் முகப்புக்கு அனுப்புவது பல நிறுவனங்களில் வழக்கம். ஒரு மணி நேரம் இருக்கும்போதே முகப்பை மூடிவிடுவார்கள், மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஸ்கூட் என்றால் முதல் முனையம். அங்கே பாதுகாப்புச் சோதனை கிளம்பும் வாயிலில்தான் நடக்கும், உள்ளே போய்விட்டால் வெளியே வந்து போக அலுப்பாகிவிடும். அதனால் வாயிலுக்குள் நுழைவதற்கு முன்பே குழந்தை பராமரிப்பு அறைக்குப் போய் பேம்பர்ஸ் மாற்றி, ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு உண்டு. குழந்தையின் பாலும் உணவும் பயணத்துக்குத் தேவையான அளவு அனுமதிக்கப்படும், ஒளிக்காமல் எடுத்துக் காட்டினால் போதும். புட்டிப்பால் கொடுப்பதென்றால் மாவை வேளைக்கு வேளை அளந்து தனித்தனியாக வையுங்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம்.

முதுகுப்பையில் பேம்பர்ஸ் மணிக்கு ஒன்று என்று வைத்து மேலே இரண்டு, பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை. உங்கள் சட்டையை மறந்துவிடாதீர்கள், வாந்தி எடுத்தால் அது உங்கள் மேல்தான் விழும். குளிருக்கு உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்று. போர்வையாகவும் திரையாகவும் ஆகும், உங்கள் வாசனையும் அதில் இருக்கும். கைப்பேசியை வீட்டிலேயே முழுதாக மின்னேற்றிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கூட் விமானத்துக்குள் பவர் பேங்க்கை வைத்து மின்னேற்ற அனுமதி இல்லை.

அழுகைக்கு வருகிறேன். மன்னிப்புப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். நீங்கள் செய்யாத தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இது, நம் பெண்கள் இதற்குப் பழகிவிடக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குழந்தை பேசத் தெரியாததால் அழுகிறது. கட்டணம் கட்டி வந்திருக்கும் பயணி அவன். நீங்கள் அவனைச் சமாதானப்படுத்த முயல்வதைப் பார்க்கிற எவருக்கும் அது போதும். யாராவது உச்சுக்கொட்டினால், பதில் பேசாமல் பிள்ளையைத் தோளில் போட்டுப் பின்பக்கம் பணிப்பெண்கள் நிற்கும் இடத்துக்கு நடந்து போங்கள்.

இன்னொன்று. திருச்சி விமானத்தில் உங்களைச் சுற்றி உட்காரப்போவது யார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்த்து, ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகும் நம் தம்பிகள் நிறைய. அவர்களில் எத்தனையோ பேர் தன் பிள்ளை தவழ்வதைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்தவர்கள். உங்கள் மகன் சிரித்தால் அந்த வரிசையே சிரிக்கும், அழுதால் நாலு பேர் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுவார்கள். "அக்கா, பையைக் குடுங்க" என்று கேட்டால் தயங்காமல் கொடுங்கள், மேல்தட்டில் அவரே வைத்து அவரே இறக்கித் தரட்டும். பிள்ளையை மட்டும் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு யாரிடமும் அனுப்பாதீர்கள், கழிப்பறைக்குப் போகவேண்டுமானால் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள்.

திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. இறங்குவதற்கு அவசரப்படாமல் கூட்டம் போனபின் எழுந்திருங்கள். வரிசை நீளமாக இருந்தால் அங்கே நிற்கும் ஊழியரிடம் கைக்குழந்தை இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள், சொல்லாமல் யாரும் கூப்பிடமாட்டார்கள். வெளியே அழைத்துப்போக வருகிறவர் ஓட்டுநர் மட்டும் இல்லாமல் வீட்டில் ஒருவரும் சேர்ந்து வரட்டும். காரில் நீங்கள் பின்னிருக்கையில் உட்காருங்கள். பேரனை முன்னிருக்கையில் மடியில் வைத்துப் போகலாம் என்று தாத்தா ஆசைப்படுவார், அதை மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள்.

திரும்பும்போது கணவர் கூட இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி இன்னும் முடிவாகவில்லை என்றால், அவர் திரும்பும் விமானத்திலேயே உங்களுக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் போடுங்கள். காது குத்திய புண் ஆறியிருக்கிறதா, துளையில் சிவப்போ சீழோ இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும், கட்டணம் இல்லை. உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, பிள்ளைக்கும் தனியாக ஒன்று.